அளவறிந்து சுரக்கும் அட்ரீனல்

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நம் பகுதி மாணவிகள் அனைவரும் அறிவர். 2015 டிசம்பரில் அந்த ஏரி நிரம்பி, மதகுகள் வழியே நீர் பெருக்கெடுத்தபோது, அடையாற்றின் இரு கரைகளிலும் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தபோது, சென்னை மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நின்றனர். ஏரி ஒன்றே, நீர் மிகுந்தபோதும் துன்பம், குறைந்தபோதும் துன்பம்.

நம் உடலுக்குள்ளும் இப்படி அளவறிந்து திறக்க வேண்டிய மதகுகள் பல உண்டு. அவற்றுள் இரண்டு, சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றின் எடையும் சுமார் 4 அல்லது 5 கிராம்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அந்தப் பழமொழிக்கு இவை நல்ல சான்று. இவற்றின் சுரப்பு குறைந்தால் உடல் நாளுக்கு நாள் நலிகிறது. மிகுந்தால் உருவமே மாறுகிறது. அடியோடு நின்று, மருத்துவமும் கிடைக்காவிட்டால் உயிரே போய்விடும்.

இந்த மாற்றங்கள் நிறமாகவும், பருமனாகவும், களைப்பாகவும், முடி வளர்ச்சியாகவும் வெளியே தெரிகின்றன. அதனால் நோயை நோயென்று அறியாமல், "அவள் சோம்பேறி", "அவள் தின்று கொழுத்தவள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே காண்போம்.

சுரப்பியும் அதன் பணியும்

உமிழ்நீரும் வியர்வையும் நாளங்கள் வழியே வெளிவருகின்றன. வேறு சில சுரப்பிகளுக்கு நாளமே கிடையாது. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்றும், அவற்றின் சுரப்பை ஹார்மோன் என்றும் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அட்ரீனல் அத்தகைய சுரப்பிகளுள் ஒன்று.

ஓர் அட்ரீனல் சுரப்பியை நறுக்கிப் பார்த்தால், வெளியே மஞ்சள் நிறமான புறணியும், உள்ளே அகணியும் தெரியும். அகணி சுரப்பதே அட்ரீனலின். தேர்வறையில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, தெருநாய் துரத்தும்போது நம்மையறியாமல் கால்கள் விரைகின்றனவே, அவையெல்லாம் அட்ரீனலின் செய்யும் வேலை. இதை 1901-இல் படிக வடிவில் பிரித்தெடுத்தவர் ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய அறிஞர்.

புறணியின் வேலை இதைவிடப் பெரிது. அது மூன்று வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. முதலாவது கார்ட்டிசால். இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் தாழ்ந்துவிடாமல் காப்பதும், காய்ச்சல், காயம், அறுவைச் சிகிச்சை போன்ற இடர்களைத் தாங்கும் வலிமையை உடலுக்குத் தருவதும் இதுவே. இரண்டாவது ஆல்டோஸ்டீரோன். இது சிறுநீரில் உப்பு வீணாகிப் போய்விடாமல் தடுத்து நிறுத்துகிறது. மூன்றாவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை இயல்புடைய ஹார்மோன்கள். பெண்களின் உடலிலும் இவை சிறிதளவு சுரப்பது இயற்கையே.

ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து மதகைத் திறக்கவும் மூடவும் ஓர் அதிகாரி இருப்பதுபோல, இந்தச் சுரப்பிக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியே அது. இரத்தத்தில் கார்ட்டிசால் குறைந்தால் "சுரந்திடு" என்று அட்ரீனலுக்குச் செய்தி அனுப்பும்; போதிய அளவு இருந்தால் செய்தியைக் குறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் கார்ட்டிசால் ஏறியிருப்பதும், நள்ளிரவில் தாழ்ந்திருப்பதும் இந்த ஒழுங்கினால்தான். இந்த ஒழுங்கு எங்கே குலைகிறதோ அங்கே நோய் தொடங்குகிறது.

சுரப்பு குறைந்தால்

1855-இல் லண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அடிசன், பதினொரு நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காரணம் தெரியாத களைப்பு, மெலிவு, வாந்தி, தோல் கறுத்தல் ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. இறந்தபின் பார்த்தால், அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போயிருந்தன. அவர்களுள் பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய். அதுவரை எதற்கென்றே தெரியாதிருந்த ஒரு சுரப்பி உயிருக்கு இன்றியமையாதது என்பதை உலகம் இவ்வாறு அறிந்தது. அந்த நோய்க்கு அடிசன் நோய் என்றே பெயராயிற்று. 1961 முதல் 1963 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடிக்கும் இந்நோய் இருந்தது.

இன்று மேலைநாடுகளில், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே பகையாக எண்ணித் தாக்குவதால்தான் இந்நோய் பெரும்பாலும் வருகிறது. நம் நாட்டிலோ காசநோயும் ஒரு முக்கியக் காரணமாக இன்னமும் நீடிக்கிறது. காசநோய் நுரையீரலோடு நிற்பதன்று. இரத்தத்தின் வழியே அட்ரீனலிலும் குடியேறக்கூடியது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்காமல் வீட்டிலிருந்தபடி மருந்து உண்டாலும் அதே அளவு குணம் பெறலாம் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. சேத்துப்பட்டில் உள்ள அந்த நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என விளங்குகிறது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தாமல் முழுமையாக உண்பது, நுரையீரலை மட்டுமன்றி அட்ரீனலையும் காக்கும் செயலாகும்.

அடிசன் நோய் ஓசையின்றி வருவது. சுரப்பியின் பெரும்பகுதி அழிந்த பிறகே அறிகுறிகள் தென்படும். தூங்கி எழுந்தாலும் நீங்காத அசதி, பசியின்மை, எடை குறைதல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், வயிற்றுவலி, உப்பின் மேல் அடங்காத ஆசை ஆகியவை அந்த அறிகுறிகள். ஊறுகாயையும் உப்பையும் தேடித் தேடி உண்ணும் பெண்ணைத் தாய்மார் கடிந்துகொள்வர். ஆனால் மற்ற அறிகுறிகளும் சேர்ந்திருந்தால், அந்த ஆசை உடல் எழுப்பும் கூக்குரலாக இருக்கலாம்.

தோல் கறுப்பதைப் பற்றி ஒரு சொல். வெயிலில் அலைந்தால் வெயில் படும் இடம்தான் கறுக்கும். அடிசன் நோயிலோ ஈறுகள், உள்வாய், உள்ளங்கை ரேகைகள், விரல் கணுக்கள், பழைய தழும்புகள் ஆகியவையும் கறுக்கின்றன. பிட்யூட்டரி ஓயாமல் அனுப்பும் செய்தி ஹார்மோனே தோலின் நிறமியையும் தூண்டிவிடுவது இதன் காரணம். கழுத்தில் மட்டும் வெல்வெட்டுத் துணிபோல் கறுப்புப் படிவது வேறு. அது பெரும்பாலும் உடற்பருமனோடும் இன்சுலினோடும் தொடர்புடையது. பிறவியில் வாய்த்த கறுப்போ நோயுமன்று, குறையுமன்று. புதிதாகத் தோன்றி, களைப்போடு சேர்ந்து வரும் கறுப்பையே கவனிக்க வேண்டும்.

சுரப்பு மிகுந்தால்

அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் விவரித்த நோய், அடிசன் நோய்க்கு நேர் எதிரானது. கார்ட்டிசால் மிகுந்து முகம் முழுநிலவுபோல் வட்டமாகிறது, வயிறும் பிடரியும் பருக்கின்றன, கைகால்களோ மெலிகின்றன. வயிற்றிலும் தொடையிலும் ஊதாநிறக் கோடுகள் விழுகின்றன. இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகிறது. மாதவிலக்கு தடுமாறுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. காரணமில்லாத அழுகையும் சோர்வும் மனத்தை வாட்டுகின்றன. பிட்யூட்டரியிலோ அட்ரீனலிலோ தோன்றும் சிறு கட்டி இதற்குக் காரணமாகலாம். அறுவைச் சிகிச்சையால் அதை நீக்கலாம். வளரும் பெண் ஒருத்தி உயரம் கூடாமல் பருமன் மட்டும் கூடினால், அவளைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

ஆல்டோஸ்டீரோன் மட்டும் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறைந்து தசைகள் தளரும். இதை 1955-இல் ஜெரோம் கான் என்ற மருத்துவர் விளக்கினார். அகணியில் கட்டி வந்து அட்ரீனலின் மிகுந்தால், திடீர் திடீரெனத் தலைவலியும் படபடப்பும் வியர்வையும் தாக்கும். இளவயதில் இரத்த அழுத்தம் ஏறியிருந்தால், மருத்துவர் அட்ரீனலையும் சோதிப்பது இதனால்தான்.

பிறவியிலேயே வரும் கோளாறு

இப்போது நம் ஊரைப் பெரிதும் தொடும் செய்திக்கு வருவோம். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்று ஒரு நோய் உண்டு. கார்ட்டிசால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதி பிறப்பிலேயே குறைந்திருப்பது இதற்கு மூலம். கார்ட்டிசால் வராததைக் கண்ட பிட்யூட்டரி, "சுரந்திடு, சுரந்திடு" என்று இடைவிடாமல் தூண்டுகிறது, சுரப்பி பெருக்கிறது. ஒரு கால்வாய் அடைபட்டால் நீர் மறு கால்வாயில் பாய்வதுபோல, கார்ட்டிசாலாக மாற வேண்டிய மூலப்பொருள் ஆண்ட்ரோஜனாக மாறிவிடுகிறது.

இதன் விளைவு இருவகை. பெண் சிசுவின் வெளியுறுப்பு ஆண் குழந்தையுடையதுபோல் தோன்றலாம். உள்ளே சினைப்பையும் கருப்பையும் இயல்பாகவே இருக்க, பார்ப்பவர்கள் பிள்ளை ஆணா பெண்ணா என்று குழம்புவார்கள். மற்றொன்று இன்னும் கொடியது. ஆல்டோஸ்டீரோனும் இல்லாத குழந்தையின் உடலிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். பிறந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, நீர்வற்றித் துவண்டு விழும். ஆண் குழந்தைகளுக்கு வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாததால், ஆபத்து வரும்வரை யாரும் ஐயுறுவதில்லை. வயிற்றுப்போக்கு, கிருமித்தொற்று, "குழந்தைக்குச் சேரவில்லை" என்றெல்லாம் கருதி, நோயின் பெயரே தெரியாமல் எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் 2012 வரை தில்லி, மும்பை, கல்கத்தா, ஐதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் குதிகால் இரத்தத்தைச் சோதித்தது. முடிவு 2018-இல் வெளியாயிற்று. மொத்தத்தில் 5,762 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இந்நோய் இருந்தது. ஆனால் சென்னையில் மட்டும் 2,036 குழந்தைகளுக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது! சென்னையை ஒட்டி வாழும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மக்களாகிய நாம் இந்த எண்ணைச் சிந்திக்காமல் கடந்துபோகலாகாது.

இந்நோய் பரம்பரையாக வருவது. தாயும் தந்தையும் நல்ல உடல்நலத்தோடு இருந்தபோதிலும், இருவரும் குறையுள்ள மரபணுவை ஒவ்வொன்று தாங்கியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அத்தை மகனையும் மாமன் மகளையும், தாய்மாமனையும் அக்காள் மகளையும் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், ஒரே மரபணு இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. சொத்து பிரியாது, சொந்தம் விலகாது என்று எண்ணிச் செய்யும் திருமணத்தில் பிறக்கப்போகும் பிள்ளையின் நலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆனால் அஞ்ச வேண்டியதில்லை. 1950-இல் பால்டிமோர் நகரின் டாக்டர் லாசன் வில்கின்ஸ், கார்ட்டிசோன் கொடுத்தால் இந்நோய் கட்டுப்படும் என்று காட்டினார். இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும், உப்பைக் காக்கும் மற்றொரு மாத்திரையும் முறையாகத் தந்தால் குழந்தை பிழைத்து, வளர்ந்து, படித்து, மற்ற பெண்களைப் போலவே வாழலாம். தேவையானது, பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம்தான். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே பச்சிளங்குழந்தைகளுக்கு இச்சோதனை செய்யப்படுகிறது. நம் வீட்டில் பிள்ளை பிறக்கும்போது, "குதிகால் இரத்தச் சோதனை செய்தாயிற்றா?" என்று கேட்கும் சித்தியாகவோ அக்காளாகவோ நீங்கள் இருக்கலாம்.

இந்நோயின் இலேசான வகை பருவ வயதில்தான் தலைகாட்டும். முகத்தில் முடி, நீங்காத பரு, மாதவிலக்குத் தடுமாற்றம் ஆகியவை அதன் குறிகள். இவை பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறினால் வருபவை. எனினும் அட்ரீனலும் காரணமாகலாம் என்பதால் மருத்துவர் இரத்தச் சோதனை செய்து பிரித்தறிவார். மீசை முளைக்கிறது என்று தோழியைச் சுட்டிச் சிரிப்பவர்கள், அவள் சுரப்பியைக் கேலி செய்கிறார்கள் என்பதை அறிவார்களாக.

மருந்தே நோயாகும் விந்தை

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! 1950-இல் ஹென்ச், கெண்டால், ரெயிக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமா முதல் சிறுநீரக நோய் வரை எத்தனையோ உயிர்களை ஸ்டீராய்டு எனப்படும் இவ்வகை மருந்துகள் காத்து வருகின்றன.

ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் உட்கொண்டால், "வெளியிலிருந்தே வருகிறதே" என்று பிட்யூட்டரி செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரீனல் உறங்கிச் சுருங்கிவிடும். ஒருபுறம் குஷிங் நோயாளியைப்போல் முகம் உப்பும். மறுபுறம், மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், உறங்கிய சுரப்பி உடனே விழிக்காது. இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் "உடம்பு தேறும்" என்று வாங்கும் மாத்திரையிலும், மூட்டுவலிக்கு என்று பெயரில்லாமல் தரும் பொடியிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கலாம்.

முகம் வெளுக்கும் என்று தோழியர் ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் சில களிம்புகளிலும் இதுவே உண்டு. முதலில் முகம் பளிச்சிடும்; பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். 2018-இல் மைய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது இந்தத் தீமையைக் கண்டுதான். கறுப்பு நிறத்தை நோயென்று எண்ணி, மருந்தைத் தடவி, உண்மையிலேயே நோயை வரவழைத்துக்கொள்வது எத்தகைய பேதைமை!

நாம் செய்ய வேண்டியவை

மாணவிகளே! நீங்காத களைப்பு, காரணமற்ற எடை மாற்றம், ஈறு கறுத்தல், ஒழுங்கற்ற மாதவிலக்கு ஆகியவற்றை வெட்கத்தால் மறைக்காமல் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பெண்களுள் பெரும்பாலோர் வெறும் வயிற்றோடு வந்தவர்களே. ஆயினும் மயக்கம் திரும்பத் திரும்ப வந்தால் பரிசோதனை தேவை.

பெற்றோர்களே! ஸ்டீராய்டு உண்ணும் பிள்ளை இருந்தால், மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் வகையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அட்ரீனல் குறைபாடுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி தேவைப்படும், காத்திருக்கலாகாது. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டை ஒன்று பிள்ளையின் புத்தகப் பையில் எப்போதும் இருக்கட்டும். வகுப்பாசிரியையும் உடற்பயிற்சி ஆசிரியையும் அதை அறிந்திருக்கட்டும்.

மருத்துவம் தொலைவில் இல்லை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே அரசுப் பொது மருத்துவமனை. அங்கே நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. குழந்தைகளுக்கு எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

இந்நோய்கள் அரியவை. இதைப் படிக்கும் பெண்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இவை வரப்போவதில்லை. ஆனால் நம்மிடையே ஒருத்திக்கு வந்தால், அவளுக்கு முதலில் வேண்டியது மருந்தன்று, "உனக்கு என்ன செய்கிறது?" என்று பரிவோடு கேட்கும் ஒரு குரல். அந்தக் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.